ஒரத்துப்பாளையம் டேம் தண்ணி: உங்க அனுபவத்தையும் எழுதுங்க

ஓடைக்காட்டான்
நொய்யல் ஆத்துல திருப்பூர் பட்டறைச் சாயத்தண்ணி கலந்த கதையெல்லாம் எல்லாருக்கும் தெரியும், திரும்ப அளக்கல. 92ல பாசனத்துக்குன்னு தொறந்த டேம், சாயக்குட்டையா மாறுன வருசங்க அது. எங்க தோட்டம் டேமுக்குக் கீழ. அப்பாரு சந்தையில புதுசா ஒரு மாடு புடிச்சுட்டு வந்தாரு. ஆத்தா கெணத்துத் தண்ணிய எறச்சுத் தொட்டியில ஊத்துச்சு. மாடு மூக்க வெச்சு மோந்து பாத்துச்சு, ஒரு வாய் கூட வெக்காம தலையத் திருப்பிக்கிச்சு. பழைய மாடுக பக்கத்துலயே குடிச்சுட்டு நிக்குது, பழகிப்போச்சு. அப்பாரு ஒண்ணும் பேசல. துண்ட ஒதறித் தோள்ல போட்டுட்டுக் காட்டுக்குள்ள போயிட்டாரு. தண்ணிய நாங்க குடத்துக்குக் காசு குடுத்து வாங்க ஆரம்பிச்சு ரெண்டு வருசம் ஆயிருந்துச்சு. மாட்டுக்கு யோசிக்கவே இல்ல. அதான் இன்னும் உறுத்துது.

பட்டறைக்காரர் மகன்
மாட்டுக்கு வருத்தப்படறேனுங்க. ஆனா நொய்யல்னாலே சாயப்பட்டறை மட்டும்தானா? வெள்ளியங்கிரியில எறங்குற தண்ணி கோயமுத்தூர் தாண்டறப்பவே சாக்கடையோடதான் வருது. அத யாரும் எழுத மாட்டீங்க. 2011 ஜனவரி 28, ஐகோர்ட் எல்லாப் பட்டறையும் மூடச் சொன்னப்ப எழுநூறு பட்டறைக்கு மேல நின்னுச்சு. பாய்லர் சத்தத்துலயே வளந்தவன் நான். அன்னிக்கு ராத்திரி சத்தமில்லாம தூக்கமே வரல. வேலை செஞ்ச ஒடிசாப் பசங்க பையைக் கட்டிட்டு வாசல்ல உக்காந்திருந்தாங்க. அப்பா அவங்களுக்கு டீ வாங்கிக் குடுத்துட்டு, சம்பளத்தப் பத்தி மட்டும் வாயத் தொறக்கல.

உப்புக்கணக்கு
ரெண்டு பேருக்கும் சொல்றேன். எங்க கெணத்துலயும் இப்படித்தான், தென்னை மட்டை காஞ்சுது, அவ்வளவுதான் கதை. இப்ப செய்ய வேண்டியது: தண்ணியில கரைஞ்ச உப்ப அளக்குற டிடிஎஸ் பேனா ஒண்ணு வாங்குங்க. குடிநீர்ல லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் நல்லது, வேற வழியே இல்லைனா 2000 வரைக்கும். ஆனா பேனாவ முழுசா நம்பாதீங்க, அது கரைஞ்ச உப்பத்தான் காட்டும். சாயம், கன உலோகம் எதுவும் அதுல தெரியாது. அதுக்கு லேப்தான். சாம்பிள் புடிக்கற கேன அதே தண்ணியில மூணு தடவ அலசிட்டுப் புடிங்க, அன்னிக்கே கொண்டு போய்க் குடுங்க. மண்ணுக்கும் தனியா டெஸ்ட் எடுங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரர் சொன்னாருன்னு ஜிப்சம் போடாதீங்க, அது சோடியம் ஏறுன களர் மண்ணுக்கு. உவர் மண்ணுன்னா நல்ல தண்ணி விட்டு உப்பக் கழுவி வடிச்சாத்தான் உண்டு. சரிவு பாத்துப் பண்ணைக்குட்டை வெட்டுங்க, வரப்ப உசத்துங்க. மழைத்தண்ணி எறங்க எறங்கக் கெணத்து உப்பு கொறையும்.

கேன் தூக்கி
உப்புக்கணக்கு அண்ணா, அவரு மாட்டப் பத்திச் சொன்னாரு, நீங்க பேனா விக்கறீங்க. 😀 நல்ல தண்ணி இருந்தா அவரு ஏன் எழுதப்போறாரு?

நான் ஒரு ஆபீஸ்ல சாம்பிள் எடுக்கற தற்காலிக வேலையில இருந்தேன். மழை புடிச்சதும் பட்டறைக்காரங்க சாயத்தண்ணிய ஆத்துல தொறந்து விடுவாங்கன்னு ஊருக்கே தெரியும். ஒரு ராத்திரி போன் வந்து கெளம்புனோம். ஜீப்புக்கு டீசல் அடிக்கக் கையெழுத்து வேணும், போடறவரு வீட்டுல இல்ல. நாங்க தடுப்பணைக்குப் போறப்ப விடிஞ்சிருச்சு. செங்காவி வெள்ளம், பாக்க நல்ல தண்ணி மாதிரி. கரையோரம் கருவேலங் கிளையில மட்டும் இடுப்பளவு ஒசரத்துல ஊதா நெறத்துல நுரை ஒட்டிட்டு இருந்துச்சு. போன் பண்ணுன பெரியவரு அதக் காட்டி, "இத எடுத்துக்குங்க தம்பி"ன்னாரு. கேன்ல தண்ணியத்தான் புடிக்கணும்னு விதி. தண்ணியப் புடிச்சேன். ரிசல்ட்டு அளவுக்குள்ளயே வந்துச்சு.

ஓடைக்காட்டான்
எந்த வருசம் அது? எந்தத் தடுப்பணைங்க? எங்க அப்பாரும் அப்படி ராத்திரியில போன் பண்ணிட்டுத்தான் இருந்தாரு.