ஏசினால் லாச்சிக் காசு சரிவருமா?

கணக்கர்_வெள்ளவத்தை:
வணக்கம். காலி வீதியில ஒரு பலசரக்குக் கடையில கணக்கு எழுதுறன். கொட்டாஞ்சேனையிலயும் ஒரு கிளை இருக்கு. ரெண்டிலயும் சேர்த்து ஆறு கேஷியர். மாசக் கடைசியில ஆற்ற லாச்சியில காசு ஆகக் கூடக் குறையுதோ, அவரை முதலாளி மேல்மாடிக்குக் கூப்பிட்டு ஏசுவார். ஆகத் திறமான ஆளுக்கு எல்லாருக்கும் முன்னால பாராட்டும் ஆயிரம் ரூபாவும்.

ஏச்சு வாங்கினவர் அடுத்த மாசம் திருந்துறார். பாராட்டு வாங்கினவர் வழுக்குறார். போன மாசம் 4,350 ரூபா குறைஞ்ச பிள்ளைக்கு இந்த மாசம் 900தான். "பார்த்தியா தம்பி, பாராட்டினா தலைக்கேறும்" எண்டு அந்த ஆயிரத்தை நிப்பாட்டப் போறார். கணக்கு அவர் பக்கம்தான் நிக்குது. ஆனா அந்தப் பிள்ளை படியிறங்கி வரேக்க முகத்தைப் பார்த்தனான், மனம் ஒப்பேல்ல. இதை எப்பிடிச் சோதிக்கிறது?

புறக்கோட்டையான்:
ஆறு பேரையும் தாயக்கட்டை உருட்டச் சொல்லும். ஆகக் கூட விழுந்த கட்டையை நல்லா ஏசிப்போட்டுத் திருப்பி உருட்டும். பெரும்பாலும் குறைஞ்சுதான் விழும். கட்டை திருந்திட்டுதோ?

ஓய்வுபெற்ற_கணித_ரீச்சர்:
மேலே சொன்னது பகிடியில்லை. 1886இல் பிரான்சிஸ் கால்ட்டன் 205 பெற்றோர் சோடிகளையும் அவர்களின் வளர்ந்த பிள்ளைகள் 928 பேரையும் வைத்து உயரத்தை ஆராய்ந்தார். மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் உயரம்தான், ஆனால் சராசரியில் அவ்வளவுக்கு இல்லை. மிகக் கட்டையானவர்களின் பிள்ளைகள் கொஞ்சம் உயர்ந்தார்கள். மோசமான மாதத்தில் பாதி கெட்ட காலம். அது அடுத்த மாதமும் அப்படியே வராது.

உங்கள் முதலாளி சொன்னதையே இஸ்ரேல் விமானப்படைப் பயிற்றுநர்களும் டேனியல் கானமனிடம் சொன்னார்கள். உளவியலாளரான அவர், அவர்களை முதுகுக்குப் பின்னால் இருந்த இலக்கைப் பார்க்காமல் இரண்டு தரம் நாணயம் எறிய வைத்துக் காட்டினார். யாரும் ஏசவும் இல்லை, பாராட்டவும் இல்லை; ஆனாலும் முதல் தரம் நன்றாக எறிந்தவர்கள் பெரும்பாலும் அடுத்த தரம் வழுக்கினார்கள், மோசமாக எறிந்தவர்கள் திருந்தினார்கள். 2002இல் பொருளியல் நோபல் பெற்றவர்.

யாரையும் ஏசாத மாதம் ஏதும் உண்டா? அதை எடுத்துப் பாருங்கள். ஏச்சால் பலனே இல்லை என்றும் சொல்லிவிடாதீர்கள். இந்தக் கணக்கு அதைக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

முன்னாள்_கவுண்டர்:
நாலு வருசம் கவுண்டரில நிண்டனான். ஆளை விடுங்கோ, லாச்சியைப் பாருங்கோ. பில் 1,752 வந்தா சனத்திட்ட ரெண்டு ரூபா இராது, 1,750ஐ வாங்கிட்டு விடுவம். நாளைக்கு 60 பேர் எண்டா 120 ரூபா, 25 நாளில 3,000. களவில்லை, இரக்கம். மற்றது, 2 மணிக்கு ஆள் மாறேக்க எண்ணுறவையோ? ஒரு லாச்சியில ரெண்டு பேர் கை வைச்சா ஆற்ற குறையெண்டு ஆருக்குத் தெரியும்?

கணக்கர்_வெள்ளவத்தை:
ரீச்சர், அப்பிடி ரெண்டு மாசம் இருக்கு! மகளின்ர கலியாணத்துக்கு முதலாளி திருச்சியில நிண்டவர். ஏச்சும் இல்லை, ஆயிரமும் இல்லை. முதல் மாசம் 3,900 குறைஞ்சவருக்கு அடுத்த மாசம் 1,150. ஆகத் திறமா 200இல நிண்டவர் 1,400க்குப் போயிட்டார். ஒரு சோடி மாசத்தை வைச்சு அடிச்சுச் சொல்லேலாதுதான். எண்டாலும் கொப்பியை விரிச்சுக் காட்டினன்.

கனநேரம் பார்த்தார். "நான் இல்லாததாலதான் 3,900 குறைஞ்சிருக்கு" எண்டார்.

கொட்டாஞ்சேனையில இண்டையில இருந்து 2 மணிக்கு எண்ணுறம். ரெண்டு கிழமைக்குத்தான் விட்டிருக்கிறார். ஆயிரம் ரூபா நிண்டுபோச்சு.