கழிவு பிளாஸ்டிக்கில் செய்யும் சிற்பத்துக்கு என்ன பெயர்?

அன்பின் நண்பர்களுக்கு, வணக்கம்.

மட்டக்களப்பில் கடற்கரையிலும் வாவிக்கரையிலும் பொறுக்கிய போத்தல், மூடி, அறுந்த வலை, சொப்பிங் பை எல்லாவற்றையும் கொண்டு பிள்ளைகள் மீனும் ஆமையும் யானையும் செய்கிறார்கள். கண்காட்சியில் பக்கத்தில் வைக்கும் அட்டைதான் சிக்கல். ஒருவர் மீள்சுழற்சிச் சிற்பம் என்கிறார், ஒருவர் நெகிழிச் சிற்பம், இன்னொருவர் குப்பைச் சிற்பம். இந்தப் பெயர் பற்றி நம் குழுவுக்கு இதுவரை வந்த மடல்களை வாசித்துவிட்டு எனக்குப் படுவதை எழுதுகிறேன்.

முதலில் மீள்சுழற்சிச் சிற்பம். இதை நான் உறுதியாக மறுக்கிறேன். மீள்சுழற்சி என்றால் பொருள் பழைய உருவை இழந்து மூலப்பொருளாகத் திரும்ப வேண்டும். போத்தலைக் கழுவி, துகளாக வெட்டி, உருக்கி, நூலாகவோ குருணையாகவோ எடுப்பதுதான் அது. போத்தலைப் போத்தலாகவே வைத்து மீனின் வயிற்றில் செருகுவது மீள்பயன்பாடு. இரண்டையும் ஒன்றாக்குவதால் வரும் தீங்கு சொல்லோடு நிற்பதில்லை. பல வகைப் பிளாஸ்டிக்கையும் பசையால் ஒட்டி, மேலே எனாமலும் அடித்துவிட்டால் அந்தச் சிற்பத்தைப் பிரித்தெடுத்து உருக்க யாரும் முன்வர மாட்டார்கள். சும்மா கிடந்திருந்தாலாவது பழைய போத்தல் வாங்குகிறவர் கொண்டுபோயிருப்பார். கண்காட்சி முடிந்ததும் நேரே குப்பைமேட்டுக்குப் போகப்போகிற ஒன்றின் மேல் மீள்சுழற்சி என்று எழுதினால், பார்க்கிற பிள்ளை அதை நம்பிவிடும்.

சரி, நம் மரபு எப்படிப் பெயர் வைத்தது? சிற்பத்துக்கு உரிய பொருள்கள் பத்து என்கிறது பழைய சொற்பொருள் நூலான திவாகர நிகண்டு. கல், உலோகம், செங்கல், மரம், மண், சுதை, தந்தம், வண்ணம், கண்டசருக்கரை, மெழுகு என்று அந்தப் பட்டியல் போகிறது. கற்சிற்பம், மரச்சிற்பம், சுதைச்சிற்பம் என்று நாமும் பொருளை முன்னால் வைத்தே பேசுகிறோம். புடைப்புச் சிற்பம் போல ஆக்கும் முறையால் வந்த பெயரும் உண்டு. ஆகப் பொருளுக்கு ஒரு சொல், முறைக்கு ஒரு சொல் என இரண்டு வேண்டும். எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடைக்கப் பார்ப்பதால்தான் இவ்வளவு இழுபறி.

பொருளுக்கு வருவோம். நெகிழி என்று இங்கே யார் சொல்கிறார்கள், பிளாஸ்டிக் என்றே விடுவோம் என்று கல்முனை அக்கா எழுதியிருந்தார். பேச்சில் யாரும் சொல்வதில்லை, உண்மைதான். பேச்சில் பிளாஸ்டிக்கே இருக்கட்டும். ஆனால் கூட்டுச்சொல் ஆக்கும்போது நெகிழி எளிதாக ஒட்டும். பிளாஸ்டிக் தனியே துருத்திக்கொண்டு நிற்கும். வாளி எங்கே நெகிழ்கிறது என்ற தம்பியின் கேள்விக்கும் பதில் உண்டு. நாம் கரையில் பொறுக்குவதில் பெரும்பகுதி சூட்டில் நெகிழ்ந்து புது உருவை ஏற்கக்கூடியது. பிளாஸ்டிக் என்ற சொல்லின் கிரேக்க வேரே வனைதல், உருக்கொடுத்தல் என்ற பொருளுடையது. களிமண்ணிலும் மெழுகிலும் உருச் செய்வோரின் சொல்லாக இருந்து, பிறகுதான் இந்தப் பொருளுக்குப் பெயரானது. சிற்பத்துக்கு அந்நியமான பொருள் என்று யாரும் ஒதுக்கத் தேவையில்லை.

ஆனாலும் வெறும் நெகிழிச் சிற்பம் என்றால் கடையில் புதிதாக வாங்கிய ரெசினில் வார்த்த சிலையும் அதற்குள் வந்துவிடும். அதனால் என் முன்மொழிவு கழிநெகிழி. கழிந்த, கழிகிற, கழியும் நெகிழி என்று விரியும் வினைத்தொகை. கழிவு நெகிழி என்பதைவிடச் சுருக்கம், வாயிலும் எளிதாக வரும். இன்னொரு நயமும் இதில் இருக்கிறது. சால, உறு, தவ, நனி, கூர், கழி ஆறும் மிகுதியைக் குறிக்கும் உரிச்சொற்கள் என்று நன்னூல் சொல்லும். கல்முனைப் பக்கத் தோணாக்களில், அதாவது கடலுக்கு நீர் வடியும் ஓடைகளில், அடைத்துக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு, மிகுந்துபோன நெகிழி என்ற அந்த இரண்டாம் பொருளை விளக்கத் தேவையில்லை.

குப்பைச் சிற்பம் என்பதே நேர்மையான பெயர் என்று வாதிட்டவர், அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கைத் தின்று செத்த யானைகளைச் சுட்டியிருந்தார். அந்தச் செய்தி 2022இல் உலகெங்கும் போனது. அந்தக் கோபம் எனக்கும் உண்டு. அந்த யானையைச் செய்கிற ஒருவர் தன் படைப்புக்குக் குப்பை என்றே தலைப்பு வைக்கலாம், வைக்கவும் வேண்டும். கலைச்சொல் வேறு. பாடநூலிலும் அட்டவணையிலும் அது எல்லாப் படைப்புக்கும் பொதுவாக நிற்க வேண்டும்.

இனி முறை. முழுத் துண்டுகளைச் சேர்த்து ஆக்குவதற்கு ஒட்டுச் சிற்பம், கோவைச் சிற்பம், தொகுப்புச் சிற்பம் என்று மூன்று வந்திருக்கின்றன. ஒட்டு என்றால் பசை நினைவுக்கு வரும்; அதைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன். கோவை நல்ல சொல், ஆனால் ஊர்ப்பெயராக வாசிப்பவர்களே அதிகம் இருப்பார்கள். தொகுப்பு நூலுக்குப் பொருந்தும், கைவேலை அதில் தெரியவில்லை. நான் கட்டுச் சிற்பம் என்கிறேன்; பொருளையும் சேர்த்தால் கழிநெகிழிக் கட்டுச் சிற்பம். பந்தல் கட்டுகிறோம், தேர் கட்டுகிறோம், வெசாக் கூடு கட்டுகிறார்கள். பல துண்டுகளைச் சேர்த்து ஓர் உருவை எழுப்புவதற்கு நம்மிடம் உள்ள வினையே அதுதான். கம்பியாலும் தங்கூசி என்கிற நைலோன் இழையாலும் கட்டியதை அவிழ்த்து வகை பிரித்துத் திரும்ப எடுக்கலாம் என்பது இந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

உருக்கி அச்சில் ஊற்றுவதற்கு வார்ப்பு என்ற பழஞ்சொல்லே போதும்: கழிநெகிழி வார்ப்பு. இதைக் கற்பிப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் சேர்த்து எழுத வேண்டும். அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று இருக்கும் பொருள் ஏறத்தாழ 130 பாகை செல்சியசில் உருகும். 1 என்றிருக்கும் தண்ணீர்ப் போத்தலுக்கு 250 பாகை வரை வேண்டும். கலந்து உருக்கினால் ஒன்றோடொன்று சேராமல் உதிரும். 3 என்றிருப்பது பீ.வி.சி. அதைச் சூடாக்கினால் ஐதரசன் குளோரைட்டு வாயு வரும், நெருப்புப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. பாடசாலையில் பிள்ளைகளோடு செய்வதென்றால் கட்டுச் சிற்பத்தோடு நிறுத்துவதே நல்லது.

கடைசியாக, உள்ளே உருவைத் தாங்கும் கூட்டுக்கும் ஒரு சொல் வேண்டும். சட்டகம் என்றால் படச்சட்டம் போலத் தட்டையாகத் தோன்றுகிறது. சுதை வேலையில் சூலம் என்பார்கள், ஆனால் அதைக் கேட்டதும் கோயில் சூலம்தான் மனதில் வரும். கரப்பு எப்படி? வாவியில் மீன் பிடிக்கும் கரப்பும் வடமோடிக் கூத்தின் கரப்புடுப்பும் உள்ளே குச்சியும் வளையமும் வைத்து விரித்தவைதான். எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது. ஆனால் கூத்துடுப்புக் கட்டுகிற அண்ணாவிமார் (கூத்து ஆசான்கள்) உள்கூட்டுக்குத் தனிப்பெயர் ஏதும் வைத்திருந்தால் அதுவே முந்த வேண்டும். வாவியின் மேற்குப் பக்கம் படுவான்கரையில் இருக்கும் நண்பர்கள் யாராவது அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அதன் பிறகு அட்டைகளை அச்சுக்குக் கொடுப்போம்.