ஸ்பெகுலேட்டிவ் ஃபிக்‌ஷன்: ஊகப்புனைவா, இல்பொருட்புனைவா?

நண்பர்களே,

நல்ல நாவல்களுக்குப் பட்டியல் போட உட்கார்ந்தால் தலைப்பிலேயே இடறுகிறது. 'அறிவியல் புனைகதை' என்று போட்டால் ஆக்டேவியா பட்லரின் 'கிண்ட்ரட்' (1979) வெளியே நிற்கிறது. 1976இல் கலிஃபோர்னியாவில் இருக்கும் கறுப்பினப் பெண், அடிமைமுறை நடப்பில் இருந்த மேரிலாந்துக்கு இழுக்கப்படுகிறாள். காலயந்திரமும் கிடையாது, விளக்கமும் கிடையாது. 'மிகுபுனைவு' (ஃபேன்டஸி) என்றாலோ, சாட்டையடி நிறைந்த அந்த நாவலை டிராகன் கதை என்று நினைத்து எடுப்பார்கள். இவற்றோடு மாற்று வரலாற்றையும் (வரலாறு வேறு விதமாக நடந்திருந்தால் என்று எழுதும் கதைகள்) ஒரே கூரைக்குள் கொண்டுவர, ஆங்கிலத்தின் 'ஸ்பெகுலேட்டிவ் ஃபிக்‌ஷன்' போல ஒரு தமிழ்ச்சொல் வேண்டும். என் முன்மொழிவு: ஊகப்புனைவு.

————

> என் முன்மொழிவு: ஊகப்புனைவு

நமக்கு வேண்டியது எந்தப் பொருள் என்று முதலில் முடிவு செய்வோம். அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஹெய்ன்லைன் 1947 கட்டுரையில் இந்த ஆங்கிலச் சொல்லை எடுத்தாண்டபோது அவர் மனத்தில் இருந்தது, அறிவியலை நீட்டிப் பார்க்கும் கதைதான். மந்திரம், மாற்று வரலாறு எல்லாம் அடங்கும் பெருங்குடையாக அது விரிந்தது பிற்பாடு. நாம் தேடுவது அந்தக் குடைக்கான சொல்.

'ஊகம்' சரிப்படாது. வணிகப் பக்கத்தில் 'ஊக வணிகம்' ஏற்கெனவே இடம்பிடித்துவிட்டது. பாதிப்பேர் 'யூகம்' என்று எழுதுவார்கள், தேடலில் இரண்டும் தனித்தனியாகப் போய்விடும். (தொல்காப்பிய மரபியலில் ஊகம் ஒரு குரங்கினம். அதை விட்டுவிடுவோம்.)

இலக்கணத்திலேயே ஒரு சொல் கிடக்கிறது: இல்பொருள் உவமை. 'கொம்பு முளைத்த குதிரை போல' என்று பள்ளியில் படித்ததுதான். பாலையில் வற்றல் மரம் தளிர்த்ததைச் சொல்லும் 78ஆம் குறளும் அந்த வகை. ஆகவே இல்பொருட்புனைவு.

————

ஐயா, வேர் அழகாக இருக்கிறது. ஆனால் இரண்டு இடத்தில் உதைக்கிறது.

முதலாவது, புணர்ச்சி. ள் + ப = ட்ப என்று நீங்கள் எழுதுவீர்கள்; மற்றவர்கள் 'இல்பொருள் புனைவு' என்று பிரித்துப் போடுவார்கள். ஒரே சொல்லுக்கு மறுபடியும் இரண்டு எழுத்துக்கூட்டல். இரண்டாவதுதான் பெரிய சிக்கல். மார்கரெட் அட்வுட் 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' (1985) எழுதும்போது, மனிதர்கள் எங்கேனும் எப்போதேனும் செய்யாத எதையும் உள்ளே விடுவதில்லை என்று விதி வைத்துக்கொண்டார். உள்ள பொருளாகவே பொறுக்கிச் சேர்த்த நாவலை 'இல்பொருள்' என்று எப்படி அழைப்பது?

இந்த வகையின் மூச்சு 'எனக் கொள்க' என்பதில் இருக்கிறது, கணக்குப் புத்தகத்தில் வருகிற அதே 'எனக் கொள்க'. 'கருதுகோள்' ஏற்கெனவே நிலைத்த சொல். அதிலிருந்து கருதுபுனைவு. வினைத்தொகை, ஆகவே வலி மிகாது, 'கருதுப்புனைவு' பிழை. கிளைச்சொற்களும் தடையின்றி வருகின்றன: கருதுபுனைவாளர், கருதுபுனைவுத் தொகுப்பு. ('கொள்புனைவு' என்றும் யோசித்தேன். குதிரைக்கு வைப்பது போல இருக்கிறது.)

உரசிப் பார்க்க நான்கு நூல்கள்:

ஸ்த்ருகாட்ஸ்கி சகோதரர்களின் 'ரோட்சைட் பிக்னிக்' (1972): வேற்றுக்கோளார் வந்து, எச்சில் இலையைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள் எனக் கொள்க. இந்த வகைக்குப் புதியவர் இதிலிருந்து தொடங்கலாம். சிறிய நூல். வந்தவர்கள் யார் என்று தெரியாமலே, அவர்கள் விட்டுப்போன குப்பையைத் திருடி விற்பவனின் பிழைப்பு கண்முன் நிற்கும்.

பிலிப் கே. டிக்கின் 'தி மேன் இன் தி ஹை காசில்' (1962): இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியும் ஜப்பானும் வென்றன எனக் கொள்க.

லெம்மின் 'சொலாரிஸ்' (1961): ஒரு கோளின் கடலே அறிவுள்ள உயிர் எனக் கொள்க. நடுவில் அந்தக் கடலை ஆராய்ந்த அறிஞர்களின் கொள்கைகள் பக்கம் பக்கமாக வரும். பலர் புத்தகத்தை மூடுவது அங்கேதான். தாண்டிப் போகாதீர்கள், நாவலின் கேலி முழுக்க அதில்தான்.

சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா': பிள்ளை பெற அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் எனக் கொள்க.

————

> 'எனக் கொள்க' என்பதில் இருக்கிறது

அப்படியானால் எந்த நாவலும் தேறிவிடுமே? 'ஓர் ஊரில் ஒருவன் இருந்தான் எனக் கொள்க.' கருதுவது ஆளைப் பற்றி அல்ல, உலகம் இயங்கும் முறையைப் பற்றி என்று வரையறையில் எழுதிவிடுங்கள். அறிவியல் புனைகதை ஆய்வாளர் டார்கோ சுவின் 1979 நூலில் 'நோவம்' என்று குறித்ததும் ஏறக்குறைய இதைத்தான்: கதையுலகை நம் உலகிலிருந்து பிரிக்கும் அந்த ஒரு புதுமை.

இன்னொன்று. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், 'கருத்துப்புனைவு' என்றே காதில் விழுகிறது. பிரசாரக் கதை என்று நினைப்பார்கள்.

————

அந்தக் குறை உண்மைதான். பேச்சில் 'கருது' என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கும். 'கருதுகோள்' சொல்லும்போது யாரும் 'கருத்து' என்று கேட்பதில்லை. எனவே புழங்கப் புழங்கச் சரியாகலாம்.

————

பட்டியலின் தலைப்பை 'கருதுபுனைவு' என்று மாற்றிவிட்டேன். தேடி வருபவர்களுக்காக ஊகப்புனைவு, யூகப்புனைவு இரண்டும் குறிச்சொல்லாக இருக்கும். 'இல்பொருள்' என்பதை மந்திரக் கதைகளின் உட்பிரிவுக்கு வைத்துக்கொள்ளலாமா ஐயா? அங்கே கொம்பு முளைத்த குதிரைகள் நிறையவே உண்டு.