மழைக்கு முன் எதை முதலில் செய்வது: சுவரா, பாத்தியா, கரையா?

கோத்தகிரி இல்லத்தரசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகே, சரிவை வெட்டிச் சமன் செய்து கட்டிய பழைய ஓட்டு வீட்டில் என் மாமியார், கணவர், பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருவர், நான் என ஐந்து பேர் வசிக்கிறோம். பனி விலகி, பேரியும் பிளம்ஸும் பூக்கும் மாசி பங்குனியில்தான் எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் மராமத்துப் பேச்சு எழும். இந்த ஆண்டு அது சற்றுக் காரசாரமாகவே நடக்கிறது.

பின்னறைச் சுவரில் முழங்கால் உயரம் வரை பெயின்ட் கொப்புளித்து, உப்புப் பூத்து, கை பட்டாலே பொடியாக உதிர்கிறது. மே மாதம் உறவினர்கள் வருவதற்குள் பட்டி வைத்துப் பெயின்ட் அடித்துவிட வேண்டும் என்கிறார் கணவர். வீட்டுக்கு மேலே தரிசாகக் கிடக்கும் இரண்டு மட்டங்களை (சரிவில் படிபோல வெட்டிய நிலம்) கொத்தி பீன்ஸும் கேரட்டும் போட வேண்டும் என்பது அத்தையின் விருப்பம். எனக்கோ வீட்டின் பின்கரையை நினைத்தால்தான் உறக்கம் வருவதில்லை. சென்ற ஐப்பசி மழையில் சரிந்த மண் இன்னும் பின்சுவரை ஒட்டியே குவிந்து கிடக்கிறது. கரையின் உச்சியில் ஒரு சீகை மரம் வீட்டுப் பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. கையில் இருக்கும் பணம் ஒரு பெரிய வேலைக்குத்தான் போதும். எதிலிருந்து தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

குன்னூர் கொத்தனார்:

வணக்கம் சகோதரி. நீங்கள் மூன்று வேலைகளாக எழுதியிருப்பது எனக்கு ஒரே வேலையாகத்தான் தெரிகிறது. மேல் மட்டத்தில் விழும் தண்ணீர் கரைக்குள் இறங்குகிறது. ஊறிய கரை சரிந்து சுவரில் சாய்கிறது. அந்த மண்ணின் ஈரத்தைச் சுவர் உறிஞ்சி, உள்ளறையில் உப்பாகக் கக்குகிறது. தண்ணீருக்கு வழி விடாமல் பெயின்ட் அடித்தால் அடுத்த மழையிலேயே அது மீண்டும் கொப்புளிக்கும். உங்கள் கணவர் வருத்தப்பட்டாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில், சுவரை ஒட்டிக் கிடக்கும் மண்ணை மண்வெட்டியால் அள்ளி அப்புறப்படுத்துங்கள். வெளிமண்ணின் மட்டம் உள்தரையைவிட அரை அடியாவது தாழ்ந்திருக்க வேண்டும். சுவருக்கும் கரைக்கும் நடுவே ஓர் ஆள் நடந்து போகும் அளவுக்கு இடம் விட்டு, அதில் சிறு வடிகால் கட்டி, நூறு அடிக்கு ஓர் அடி என்ற கணக்கில் வாட்டம் (சரிவு) கொடுத்தால் போதும். வடிகாலின் கடைவாய் கீழ்வீட்டுக்காரரின் கரையில் போய் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; மலையில் பாதிச் சண்டை அதனால்தான் வருகிறது.

கரைக்குத் தடுப்புச் சுவர் எழுப்புவதாக இருந்தால், எவ்வளவு கனமாகக் கட்டுகிறோம் என்பதைவிட உள்ளே தேங்கும் நீர் எங்கே வெளியேறுகிறது என்பதே முக்கியம். மூன்று அங்குலக் குழாய்த் துண்டுகளை வெளிப்பக்கம் சரிவாக, ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாகச் சுவரில் பதித்து, அவற்றின் பின்னால் ஜல்லி நிரப்பச் சொல்லுங்கள். ஜல்லிக்குப் பதிலாக வெட்டிய மண்ணையே கொட்டி மூடும் வழக்கம் இங்கே உண்டு. அப்படிச் செய்தால் குழாய் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், சுவர் கர்ப்பிணி வயிறு போலப் புடைத்துவிடும். ஆகவே அந்த வேலை நடக்கும் நாளில் வீட்டார் ஒருவர் அருகில் நிற்பது நல்லது. ஆளுயரத்துக்கு மேல் கரை இருந்தால் பொறியாளர் ஒருவரிடம் காட்டாமல் தொடங்க வேண்டாம்.

பொக்லைன் இயந்திரத்தை வைத்து ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நீலகிரியில் அதற்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். சாய்ந்த மரத்துக்கும் அப்படித்தான்: 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த நிலத்து மரமானாலும் அனுமதி பெற்றே வெட்ட வேண்டும். மனுவை இப்போதே கொடுத்துவிடுங்கள்.

காலத்தைப் பற்றியும் ஒன்று. ஊட்டி, கூடலூர்ப் பக்கம் ஜூன் மாதத் தென்மேற்குப் பருவமழைக்கு அஞ்சுவார்கள். நம் குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் கண்டம். 2009 நவம்பரில் இம்மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன மண்சரிவுகள் அந்த மழையில் வந்தவையே. அதற்காகச் செப்டம்பர் வரை தள்ளிப்போடவும் கூடாது. ஏப்ரல், மே கோடைமழையே வெட்டிய கரையைக் கரைத்துவிடும். மேலும், சீசன் நெருங்க நெருங்க ஆட்கள் எல்லோரும் தங்கும் விடுதி வேலைக்குப் போய்விடுவார்கள்.

கொடைக்கானல் ஓய்வுபெற்ற ஆசிரியர்:

கொத்தனார் ஐயா கூறியதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் சுவரின் ஈரம் முழுவதும் கரையிலிருந்துதான் வருகிறது என்று பார்க்காமலே முடிவு செய்ய வேண்டாம். ஜன்னலைத் திறக்காத பின்னறையில் துணி உலர்த்துவதும், பக்கத்துக் குளியலறையின் வெந்நீர் ஆவியும் சேர்ந்தாலே குளிர்ந்த சுவர் வியர்க்கும். ஒரு முழம் அளவுள்ள கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாளின் நான்கு ஓரங்களையும் டேப்பால் சுவரில் ஒட்டி, ஒரு நாள் முழுவதும் விட்டுவிட்டுப் பாருங்கள். தாளின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் அது சுவரிலிருந்து வருவது; வெளிப்புறம் ஈரமாகி உட்புறம் உலர்ந்திருந்தால் அறைக் காற்றின் ஈரம். உப்புப் பூத்திருப்பதால் உங்கள் வீட்டில் முதலாவதாகவே இருக்கக்கூடும், எனினும் இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு.

பழைய வீடு என்கிறீர்கள். கல்லும் மண்சாந்தும் வைத்துக் கட்டிச் சுண்ணாம்பு பூசிய சுவராக இருந்தால், அதன்மேல் சிமென்ட் பூச்சும் பிளாஸ்டிக் பெயின்ட்டும் ஏற்றாதீர்கள். சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி இன்னும் உயரமாக ஏறும். உதிர்வதைச் சுரண்டி, உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்தெடுத்து, இந்தக் கோடை முழுவதும் ஆறவிட்டு, பிறகு சுண்ணாம்பு அடியுங்கள். மே மாதம் வரும் உறவினர்கள் சுவரைப் பார்க்க வரவில்லையே!

கேத்தி காய்கறி விவசாயி:

உங்கள் அத்தையின் ஆசையை ஒத்திவைக்க வேண்டியதில்லை. பாத்தி போடும் முறையை மட்டும் மாற்றினால் போதும். கரையின் விளிம்பிலிருந்து மூன்று நான்கு அடியைக் கொத்தாமல் கிக்கியு புல்லுக்கு விட்டுவிடுங்கள். அதன் வேர்கள் மண்ணை வலைபோலப் பிடித்துக்கொள்ளும். மட்டத்தைக் கரைப் பக்கம் சாயவிடாமல் உட்பக்கம் லேசாகச் சாய்த்து, மேட்டின் அடியில் ஒரு வாய்க்கால் வெட்டி, நீரைப் பக்கவாட்டில் கொண்டுபோய் விடுங்கள். குழாயைத் திறந்துவிட்டுப் பாய்ச்சாமல் பூவாளியால் தெளித்தால் கரைக்குள் நீர் இறங்குவது பெரிதும் குறையும்.

நம் மலை மண் புளிப்பு மண். தோட்டக்கலைத் துறையில் மண் பரிசோதனை செய்து, அவர்கள் சொல்லும் அளவுக்கு, புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் தூளான டோலமைட்டை விதைப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பே தூவிக் கொத்திவிடுங்கள். கேரட் போடும் பாத்தியில் பச்சைச் சாணத்தைச் சேர்க்க வேண்டாம், கிழங்கு கவைகவையாகப் பிளக்கும். கேரட்டுக்கு மூன்று மாதம், மூன்றரை மாதம் பிடிக்கும். பீன்ஸ் அதற்கு முன்னரே காய்க்கும். உருளைக்கிழங்கும் வேண்டுமென்றால் ஏப்ரலில் தொடங்கும் கார்போகத்தில் கொஞ்சம் ஊன்றலாம், ஆனால் முள்ளம்பன்றி மோப்பம் பிடித்துவிட்டால் ஒரே இரவில் தோண்டித் தீர்த்துவிடும்.

கோத்தகிரி இல்லத்தரசி:

மூவருக்கும் நன்றி. பதில்களைக் குடும்பத்தாருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். சுண்ணாம்பு என்றதும் கணவர் முகம் சுளித்தார், ஆனால் பிளாஸ்டிக் தாளை அவரே எடுத்துவந்து ஒட்டிவிட்டார். மண் அள்ளுவதற்கு ஆள் வைக்காமல், பரீட்சை முடிந்த பின் பிள்ளைகளோடு நாங்களே அள்ளுவதாகத் தீர்மானித்திருக்கிறோம். மிச்சமாகும் கூலி வடிகாலுக்கு ஆகும். அத்தைக்கு மட்டும் இரண்டு ஐயங்கள்: பாத்தியின் ஓரத்தில் அவர் வளர்க்கும் நீல ஹைட்ராஞ்சியாவுக்கும் டோலமைட் போடலாமா? அடுப்பங்கரைக் கழிவைப் பாத்தியருகே குழி வெட்டி மக்கவைக்கலாமா?

குன்னூர் கொத்தனார்:

செடியைப் பற்றிக் கேத்திக்காரர் சொல்வார். பிள்ளைகள் அள்ளுவதானால், சுவரோரம் குவிந்த தளர்ந்த மண்ணை மட்டும், மழை இல்லாத நாளில், மேலிருந்து கீழாக அள்ளட்டும். கரையின் அடியை யாரும் குடையக் கூடாது. அந்தச் சீகை மரத்துக்கு நேர் கீழே இருக்கும் பகுதியை, மரத்துக்கு ஒரு வழி ஆகும் வரை அப்படியே விட்டுவையுங்கள்.

கேத்தி காய்கறி விவசாயி:

ஹைட்ராஞ்சியா நீலமாகப் பூப்பதே மண்ணின் புளிப்பால்தான்; டோலமைட் அதன் வேரை எட்டினால் நாளடைவில் பூ இளஞ்சிவப்பாக மாறிவிடும். நீலமே வேண்டும் என்றால் செடியைச் சுற்றி இரண்டடிக்குத் தூவாமல் விடுங்கள், அல்லது மேட்டுப் பக்கத்துக்கு மாற்றி நடுங்கள், ஏனெனில் மழைநீர் டோலமைட்டைக் கீழ்நோக்கித்தான் இழுத்துச் செல்லும். கழிவுக்குத் திறந்த குழி வேண்டாம். உங்கள் பக்கம் கரடி நடமாட்டம் அதிகம், காட்டுப்பன்றியும் கரையைக் கிளறிவிடும். மூடியுள்ள டிரம்மில் காய்கறித் தோலையும் தேயிலைச் சக்கையையும் மட்டும் போடுங்கள், எண்ணெய்ப் பண்டமும் பழத்தோலும் அதில் சேர வேண்டாம்.