4/8 என்று எழுதினால் அரை மார்க் போகுமா?

கோவை அப்பா:
பையனின் தேர்வில் 7/8 − 3/8 எவ்வளவு என்று ஒரு மார்க் கேள்வி. 4/8 என்று எழுதியிருக்கிறான். அரை மார்க் கழித்துவிட்டு, பக்கத்தில் சிவப்பு மையில் 1/2 என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். கேள்வியில் 'சுருக்குக' என்று எங்கேயும் இல்லை. இது நியாயமா?

கணக்கு டீச்சர்:
நியாயம்தான் சார். தொகுதி, பகுதி இரண்டையும் 4-ஆல் வகுத்தால் ஒரே வரியில் முடிகிற வேலை. இப்போது சும்மா விட்டால் பெரிய வகுப்பில் 36/48-ஐ அப்படியே இழுத்துக்கொண்டு போவார்கள், பெருக்கப் பெருக்க எண் வீங்கும், தப்பும் கூடும்.

சைட் எஞ்சினியர்:
எங்கள் வேலையில் ஒரு நூல் என்றால் 1/8 இன்ச். ஏழு நூலில் மூன்று நூல் போனால் நாலு நூல், அவ்வளவுதான், கம்பிக் கடையிலும் 'நாலு நூல் கம்பி' என்றுதான் கேட்கிறோம். இரண்டும் ஒரே அளவுத் துண்டு என்பதால்தான் பகுதியை அப்படியே வைத்து மேலே மட்டும் கழிக்கிறோம். பையனுக்கு அது புரிந்திருக்கிறதே டீச்சர்!

கணக்கு டீச்சர்:
பைப் வாங்கும்போது அரை இன்ச் பைப் என்றுதானே கேட்பீர்கள்? நாலு நூல் பைப் என்று கேட்டுப் பாருங்களேன்.

சைட் எஞ்சினியர்:
ஹா ஹா, சரி. அதற்காக நாலு நூல் தப்பாகிவிடுமா?

ட்யூஷன் அக்கா:
இதற்கா இவ்வளவு சண்டை? என்னிடம் வருகிற பிள்ளைகளில் சிலர் கீழேயும் எட்டில் எட்டைக் கழித்து 4/0 என்று எழுதுகிறார்கள். 5 1/7 − 2 3/7 கொடுத்தால் இன்னும் மோசம், 1-இல் 3 போகாது என்று தலைகீழாகக் கழித்து 3 2/7 என்கிறார்கள். ஐந்திலிருந்து ஒன்றை எடுத்து 7/7 ஆக்கினால் 4 8/7, அதில் 2 3/7 போனால் 2 5/7, இதுதான் வரமாட்டேன் என்கிறது. மார்க்கை அங்கே கழியுங்கள்.

கோவை அப்பா:
அதேதான்! 4/0 எழுதினவனுக்கு சுழி போடட்டும். என் பையனுக்குக் கழித்தல் பாதிதான் தெரியும் என்றா அரை மார்க்?

கணக்கு டீச்சர்:
விடைக்குறிப்பில் 1/2 என்று இருந்தால் திருத்துகிறவர் என்ன செய்வார் சார்? 4/8-க்குக் கீழே இன்னொரு வரி எழுதச் சொல்லுங்கள், தாளில் இடமா இல்லை?

கோவை அப்பா:
இடம் கேள்வித்தாளிலும் இருந்தது டீச்சர்.