பெடல் இறுகியது, வண்டி நிற்கவில்லை: டிராக்கில் ஏபிஎஸ் அனுபவங்கள்

மேட்டுவளைவு எழுதியது:

நீண்ட நேர்பாதை முடிந்து வளைவு வருமுன், சரியாக பிரேக் பிடிக்கும் இடத்திலேயே ஒரு சிறு மேடு. எல்லா டிராக்கிலும் இப்படி ஓர் இடம் இருக்கும், விளக்க வேண்டியதில்லை. மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் வந்து பெடலை மிதித்தேன். முன்சக்கரங்கள் மேட்டைத் தாண்டி ஒரு கணம் இலேசாயின. அந்தக் கணத்திலேயே பெடல் கல்லாக இறுகிவிட்டது. பிரேக் பிடிக்கையில் சக்கரம் சுழலாமல் நின்றுவிடாதபடி அழுத்தத்தை விட்டுவிட்டுக் கொடுக்கும் ஏபிஎஸ் வேலை செய்யும்போது காலில் தெரியுமே ஒரு துடிப்பு, அதுவும் இல்லை. இன்னும் பலமாக மிதித்தால் பெடல் இன்னும் இறுகுகிறது. வேகம் மட்டும் குறையவில்லை. வளைவைத் தாண்டிச் சரளைப் பரப்பில் போய்த்தான் நின்றேன்.

எனக்கும் வண்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை. டிராக் ஓரம் வண்டிகளைப் பார்க்கும் பிட்டுக்கு வந்து பார்த்தால் பேட், டிஸ்க், பிரேக் ஆயில் எல்லாம் நல்ல நிலையில் இருக்கின்றன. எச்சரிக்கை விளக்கு எரியவில்லை, கோளாறுக் குறியீடும் பதிவாகவில்லை. டயர் மட்டும் புதிது, பிடிப்பு மிகுந்த டிராக் டயர். அந்த வேகத்தில் வண்டி நொடிக்கு 50 மீட்டர் ஓடுகிறது. அரை நொடி பிரேக் இல்லாவிட்டால் 25 மீட்டர் போய்விடும். பழுதே இல்லாத வண்டி ஏன் அப்படிச் செய்தது என்ற கேள்வி என்னை விடவே இல்லை. வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

குதிகால் எழுதியது:

நடந்திருக்கிறது. ஓட்டுநர் இருக்கையில் பயிற்சியாளர், நான் பக்கத்தில். இதே மாதிரி மேடு, பெடல் இறுகிய அதே ஓசையற்ற நிலை. எதிரே டயர்ச் சுவர் பெரிதாகிக்கொண்டே வருகிறது. அவர் பிரேக்கிலிருந்து காலை முழுவதுமாக எடுத்தார். எனக்கு மூச்சே நின்றுவிட்டது. எடுத்த வேகத்தில் மறுபடி மிதித்தார், இந்த முறை அழுத்தம் படிப்படியாக ஏறியது. வண்டி முகம் தாழ்ந்து பிடித்துக்கொண்டது. சுவர் நெருங்கும்போது பிரேக்கை விடுகிற அந்தக் கால் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

டிராக்கில் ஓட்டுபவர்கள் இதை ஐஸ் மோட் என்கிறார்கள். ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதைத்தான் ஏபிஎஸ் பார்க்கிறது. வண்டியின் உண்மையான வேகத்தை அந்தச் சக்கரங்களை வைத்தே ஊகிக்கிறது. மேட்டில் எடை இழந்த சக்கரம் பிரேக் அழுத்தத்தில் சட்டென்று நின்றுபோகும். அதைப் பார்த்த கட்டுப்பாட்டுப் பெட்டி, நாம் பனிக்கட்டி மேல் ஓடுவதாக எண்ணி, பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பருக்குப் போகும் அழுத்தத்தைக் குறைத்தே வைத்திருக்கிறது. வழி அடைபட்டிருப்பதால்தான் பெடல் இறுகுகிறது. பெடலை ஒரேயடியாகக் குத்தி மிதிப்பவர்களுக்கு இது அதிகம் நேர்கிறது. எடை முன்னால் வந்து சேர்வதற்குள் அழுத்தம் உச்சிக்குப் போய்விடுகிறது அல்லவா?

ஃபியூஸ் எழுதியது:

இதனால்தான் நான் டிராக் நாளில் ஏபிஎஸ் ஃபியூஸைக் கழற்றி வைத்துவிடுகிறேன். முதல் முறை கழற்றிவிட்டு ஓட்டியபோது, முன்சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளப் போகும் அந்த விளிம்பைக் காலால் உணர்ந்தேன். டயர் முனக ஆரம்பிக்கிறது, ஸ்டியரிங் இலேசாகிறது, விரல் கனத்துக்குக் காலைத் தளர்த்துகிறேன், திரும்பவும் கடிக்கிறது. அந்த ஒரு பிரேக்கில் கற்றதை எந்தக் கணினியும் எனக்குக் கற்றுத் தந்ததில்லை. மேடும் பள்ளமும் எனக்குக் கவலையே இல்லை.

பின்புகை எழுதியது:

ஃபியூஸ், மன்னிக்கவும், இதைப் படித்துவிட்டு யாராவது அப்படியே செய்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

ஃபியூஸ் கழற்றிய வண்டிக்குப் பின்னால் நான் ஓட்டிப் போயிருக்கிறேன். அவர் பிரேக் பிடித்ததும் முன்சக்கரங்களில் ஒன்றுமில்லை. பின்பக்க இடது சக்கரத்திலிருந்து மட்டும் வெள்ளைப் புகை கிளம்பியது. புகையைப் பார்த்து நான் விலகுவதற்குள் அந்த வண்டியின் முகப்பு விளக்குகள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

காரணம் எளிது. இன்றைய பெரும்பாலான வண்டிகளில் பின்பிரேக்கின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் தனி வால்வு கிடையாது. அந்த வேலையை முன்பின் பிரேக் அழுத்தத்தைப் பங்கிடும் இபிடி என்ற மின்னணு அமைப்பு செய்கிறது, இபிடி ஏபிஎஸ்ஸுக்குள் இருக்கிறது. ஃபியூஸைக் கழற்றினால் இரண்டும் போய்விடும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1200 கிலோ வண்டி, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம், முன்பின் அச்சுகளுக்கு நடுவே 2.5 மீட்டர். 1ஜி அளவுக்கு, அதாவது புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமாக வேகம் குறையும்படி பிரேக் பிடித்தால் 240 கிலோ பின்னாலிருந்து முன்னால் மாறுகிறது. நிற்கும்போது முன்னால் 720, பின்னால் 480 என்று இருந்தது 960-க்கு 240 ஆகிவிடும். பின்பக்கச் சுமை பாதியாகிவிட்டது. பின்பிரேக் அழுத்தத்தைக் குறைக்க யாரும் இல்லை. பின்சக்கரம்தான் முதலில் பூட்டிக்கொள்ளும். முன்சக்கரம் பூட்டினால் வண்டி நேராகப் போகும், காலைத் தளர்த்தினால் ஸ்டியரிங் திரும்பக் கிடைக்கும். பின்சக்கரம் பூட்டினால் வண்டி சுழன்றுவிடும். அங்கே கால் என்ன செய்யும்?

கொதிநிலை எழுதியது:

என்னுடையது ஏபிஎஸ் கதை இல்லை, ஆனால் பெடல் கதை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டி, மெதுவான ஒரு சுற்றுக்குப் பிறகு அடுத்த பிரேக்கில் பெடல் தரை வரை போய்விட்டது. கையால் கியரைக் குறைத்து நிறுத்தினேன். பிரேக் ஆயில் கொதித்துக் குமிழி கட்டியிருந்தது.

ஆகவே மேட்டுவளைவு அவர்களே, பிரேக் ஆயில் நல்ல நிலை என்று எழுதியிருக்கிறீர்கள், எப்படித் தெரியும்? நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 4 தரத்துக்குப் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய நிலைக்கு விதி கேட்பது வெறும் 155 டிகிரி. டாட் 5.1 தரத்தில் இவை 260, 180. எண் பெரிதாக இருக்கிறதே என்று டாட் 5 வாங்கிவிடாதீர்கள். அது சிலிக்கோன், காற்றுக் குமிழிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஏபிஎஸ் உள்ள வண்டிக்கு ஆகாது, மற்றவற்றோடு கலக்கவும் கூடாது.

இன்னொன்று, ஆயில் மாற்றும்போது நான்கு காலிப்பர்களிலும் வடித்துவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஏபிஎஸ் பெட்டிக்குள் இருக்கும் பழைய ஆயில் அங்கேயே தங்கியிருக்கும். பல வண்டிகளில் கணினிக் கருவியை மாட்டி உள்ளே இருக்கும் வால்வுகளையும் பம்பையும் இயக்கினால்தான் அது வெளியே வரும். கடைசிச் சுற்றை பிரேக் அதிகம் தொடாமல் ஓட்டி எல்லாவற்றையும் ஆற விடுங்கள். வந்து நிறுத்தியதும் கைபிரேக்கை இழுக்காதீர்கள். சூடான பேட் டிஸ்க்கோடு ஒட்டி நிற்கும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

குதிகால் எழுதியது:

கொதிநிலை, அவர் சொன்னது கல்லாக இறுகிய பெடல். ஆயில் கொதித்தால் பெடல் பஞ்சாகிக் கீழே போகும். இரண்டும் நேர் எதிர். நீங்கள் சொன்னவை அத்தனையும் சரி, ஆனால் அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை.

திருகு எழுதியது:

ஒற்றை இருக்கைப் பந்தய வண்டி, ஏபிஎஸ் கிடையாது. முன்பிரேக்குக்கும் பின்பிரேக்குக்கும் அழுத்தம் தர இரண்டு மாஸ்டர் சிலிண்டர், நடுவே அந்த அழுத்தத்தைப் பங்கிடும் பேலன்ஸ் பார், பங்கை மாற்றக் கைக்கு எட்டும் இடத்தில் ஒரு திருகு. பந்தயத்தின் நடுவில் மழை பிடித்துக்கொண்டது. முதல் வளைவில் பிரேக்கைத் தொட்டதுமே முன்சக்கரம் இரண்டும் நின்றுவிட்டன. திறந்த சக்கரம் என்பதால் கண் முன்னாலேயே தெரிகிறது: டயரின் எழுத்துகளைப் படிக்க முடிந்தது. ஓடும் வண்டியில் டயரின் எழுத்தைப் படிப்பது எவ்வளவு தப்பான காட்சி என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அடுத்த நேர்பாதையில் திருகைப் பின்பக்கம் திருப்பினேன். பின்புகை சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈரத்தில் 1ஜி கிடைக்காது, பாதிதான் என்றால் முன்னால் மாறும் எடை 120 கிலோ மட்டும். பின்சக்கரத்தில் 360 கிலோ மிஞ்சுகிறது, அதற்கும் வேலை கொடுக்கலாம். கொடுக்காவிட்டால் முன்சக்கரம் தனியாகச் சுமந்து பூட்டிக்கொள்ளும். தரை காய ஆரம்பித்ததும் திருகு திரும்ப முன்னால் வர வேண்டும், இல்லாவிட்டால் பின்பக்கம் சுழலும். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே இருந்தேன்.

ஃபார்முலா 1-இல் 1994 முதல் ஏபிஎஸ்ஸுக்குத் தடை, அங்கே ஓட்டுநர் வளைவுக்கு வளைவு பேலன்ஸ் மாற்றுகிறார். ஜிடி3 என்ற பந்தயப் பிரிவின் வண்டிகளில் ஏபிஎஸ் உண்டு, அதன் அளவையும் ஓட்டுநர் ஒரு திருகில் மாற்றிக்கொள்ளலாம். ஏபிஎஸ் கோழைகளுக்கானது என்று பேசுகிறவர்கள் அந்த வண்டிகள் பிரேக் பிடிக்கும் இடத்தை ஒருமுறை நின்று பார்க்க வேண்டும்.

ஃபியூஸ் எழுதியது:

கோழை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. பின்புகைக்குப் பதில்: என் வண்டி பழையது, இபிடி இல்லை. பின்பிரேக் அழுத்தத்தைக் குறைக்கும் இயந்திர வால்வு தொழிற்சாலையிலேயே பொருத்தி வந்தது. அதனால் ஃபியூஸ் இல்லாமலும் முன்சக்கரம்தான் முதலில் பூட்டுகிறது. இபிடி உள்ள வண்டியில் இதைச் செய்யக் கூடாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அரைபேட் எழுதியது:

வால்வு இருந்தாலும் பேட் மாற்றினால் அந்தக் கணக்குக் கலைந்துவிடும், ஃபியூஸ். பின்னால் பந்தய பேட், முன்னால் சாலை பேட் போட்ட ஒரு வண்டியை ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்கள். மிதமான பிரேக்கிலேயே பின்பக்கம் ஏபிஎஸ் கடகடவென்று அடிக்க ஆரம்பித்தது, முன்பிரேக் இன்னும் விழிக்கவே இல்லை. வளைவுக்குள் பிரேக்கைக் கொண்டுபோனபோது உள்பக்கப் பின்சக்கரம் இலேசாகி, மொத்தப் பின்பிரேக்கும் விட்டுவிட்டது. பல வண்டிகளில் இரு பின்சக்கரங்களில் எதற்குப் பிடிப்பு குறைவோ, அதற்கு ஏற்றபடிதான் இரண்டுக்கும் அழுத்தம் போகும்.

அந்த வண்டியை ஏபிஎஸ் சுழல விடவில்லை. ஆனால் பேலன்ஸ் தப்பு என்பதையும் அது மறைத்துவிட்டது. உரிமையாளர் பல மாதமாக அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தார். துடிப்பு எந்தச் சக்கரத்தில் முதலில் வருகிறது என்று கவனியுங்கள். பின்னால் முதலில் வந்தால் பேட் பொருத்தத்தைப் பாருங்கள். மேட்டுவளைவு, நீங்கள் டயர் மாற்றியதாக எழுதினீர்கள். முன்னும் பின்னும் சுற்றளவு பழைய விகிதத்திலேயே இருக்கிறதா? விகிதம் மாறினால் சக்கர வேகங்களைக் கட்டுப்பாட்டுப் பெட்டி தப்பாக ஒப்பிடும். டயர் பக்கச்சுவரில் இருக்கும் அளவுகளை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.