யுகாதா (ஜப்பான்ல கோடைக்குப் போடற பருத்தி அங்கி) கட்டுறது எப்படி? (குடும்பக் குழு)

அக்கா: அத்தை, சனிக்கிழமை டோக்கியோவுல சுமிதா ஆத்து வாணவேடிக்கை. பாப்பாவுக்கு யுகாதா கட்டி விடணும், பெரியவங்க சைஸ்தான். நடக்கும்போது அவிழாம எப்படிக் கட்டுறது?

அத்தை: நீளம் கிட்டத்தட்ட அவ உயரம் இருக்கணும்மா, 5 செ.மீ. முன்னப்பின்ன பரவாயில்ல. மிச்சத் துணியை இடுப்புல மடிச்சு விடுறதுதான் ஒஹாஷோரி.

அத்தை: வலது பக்கம் உள்ள, இடது பக்கம் மேல. இது மாறவே கூடாது, இறந்தவங்களுக்குத்தான் மாத்திப் போடுவாங்க. செல்ஃபியில சரிபாக்காத, படம் திரும்பித் தெரியும். அவ வலது கை நெஞ்சுப் பக்கம் மடிப்புக்குள்ள சுலபமா நுழைஞ்சா சரி.

சித்தப்பா: ஆம்பளைங்களுக்கும் அதே வலது, இடதுதான். ஒஹாஷோரி கிடையாது, அதனால நீளமா வாங்கிட்டா மடிச்சு ஒப்பேத்த முடியாது. ஒபியை, அதான் இடுப்புப் பட்டையை, வயித்துக்குக் கீழ கட்டணும், பின்பக்கம் கொஞ்சம் ஏறி இருக்கணும்.

அக்கா: கீழ் ஓரம் எவ்வளவு உயரத்துல?

அத்தை: கணுக்கால் மட்டம். உள்ள போற வலது முனையை 10 செ.மீ. தூக்கிக்கோ, இல்லன்னா வெளிய எட்டிப் பாக்கும். மேல வர்ற இடது முனை 3, 4 செ.மீ. போதும். அப்படியே பிடிச்சு இடுப்பெலும்புக்குச் சற்று மேல கோஷிஹிமோ கயிறைக் கட்டு. பிடிப்பு முழுக்க இந்தக் கயித்துலதான், புடவைக்குப் பாவாடை நாடா மாதிரி. இறுக்கிக் கட்டு, ஆனா முடிச்சு நட்ட நடுவுல வேண்டாம், உக்காந்தா குத்தும். நெஞ்சுக்குக் கீழ கட்டுற ரெண்டாவது கயிறு லேசா இருக்கட்டும், அதை இறுக்கினா மூச்சு முட்டும்.

அத்தை: பின் கழுத்துல ஒரு கைமுட்டி நுழையற இடம் விடு. இடுப்பு ஒடுங்கி இருந்தா முதல்லயே மெல்லிசு துண்டு ஒண்ணு சுத்திடு, ஒபி சுருங்காது.

அக்கா: ஒபி முடிச்சை முன்னாடி போட்டுப் பின்னாடி திருப்பலாமா?

அத்தை: தாராளமா. அவளோட வலப்பக்கமாத்தான் திருப்பணும். இடப்பக்கம் திருப்பினா மேல் மடிப்பு இழுபட்டு நெஞ்சு விரியும்.

அக்கா: கூட்டத்துல கீழ் ஓரம் இறங்கிட்டா?

அத்தை: அவிழ்க்க வேணாம். ஒஹாஷோரியைத் தூக்கி, இறங்கின துணியைக் கயித்துக்கு மேல இழுத்து விடு. கழுத்து தளர்ந்தா அக்குள் கீழ தைக்காத திறப்பு இருக்கும், அது வழியாக் கைவிட்டு உள்மடிப்பை இழு.

சித்தப்பா: கெதா (மரச் செருப்பு) வாரை வெள்ளிக்கிழமையே விரலால இழுத்துத் தளர்த்தி வைங்க. விரலை அடிவரைக்கும் நுழைச்சா தோல் உரியும். குதிகால் 1, 2 செ.மீ. வெளிய நீட்டிக்கிட்டு இருக்கறதுதான் சரியான அளவு. பிளாஸ்டர் நாலு கையில இருக்கட்டும்.